முன்னாள் படைவீரர் குடும்பத்தின் கோப்பு யார் கையில் இருக்க வேண்டும்?

படைவீரர்மகள்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ராணுவத்தில் 24 வருடம் இருந்து 1993இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். போன வருடம் 74 வயதில் தவறிவிட்டார். அம்மாவுக்கு 71. குடும்ப ஓய்வூதியத்துக்கு அலைந்ததில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. போன இடத்தில் யாரும் எங்களை விரட்டவில்லை. உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், அப்பாவைப் பற்றி மரியாதையாகப் பேசினார்கள். ஆனால் எல்லோரும் கடைசியில் சொன்னது ஒரே வாக்கியம்: "இது எங்களிடம் இல்லை, அங்கே கேளுங்கள்."

சிக்கல் ஒரே ஒரு சொல்தான். அம்மாவின் பெயருக்குப் பின்னால் வரும் 'அம்மாள்'. ராணுவத்திலிருந்து ஓய்வு பெறும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கில் அது இருக்கிறது, ஆதாரில் இல்லை. வங்கிக் கணக்கில் அப்பாவின் பெயர் முதலெழுத்தாக இருக்கிறது, பான் கார்டில் அதே பெயர் குடும்பப் பெயராக நீட்டி அச்சாகியிருக்கிறது. நான்கு தாள், நான்கு பெயர். அதோடு பழைய பிபிஓவில், அதாவது ஓய்வூதிய ஆணையில், அம்மாவின் பிறந்த தேதியே இல்லை. வங்கி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தைக் காட்டியது, அங்கே படைவீரர்களின் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸைக் காட்டினார்கள், ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து 'பார்ட் டூ ஆர்டர் எண் தெரிவிக்கவும்' என்று ஒரு கடிதம் வந்தது. அந்த எண் அப்பாவுக்குத் தெரியும். அப்பா இல்லை.

அப்பா ஒரு பழுப்பு ரெக்ஸின் பை வைத்திருந்தார். அதைத்தான் அம்மா மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். அந்தப் பைதான் இத்தனை அலுவலகங்களுக்கும் நடுவே இருந்த ஒரே இணைப்பு. அதைச் சுமந்தது 71 வயதுப் பெண்.

இரண்டு கேள்வி. முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும்? இவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டிப் பார்க்க வேண்டிய பொறுப்பு உண்மையில் யாருடையது?

---

பழைய_சுபேதார்

மகளே, அப்பாவுக்கு என் வணக்கம். அம்மாவுக்குத் தைரியம் சொல்லுங்கள், இது தீரக்கூடிய விஷயம்தான்.

முதல் கேள்விக்குப் பதில்: ரெக்கார்ட் ஆபீஸ். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ஒரு சிப்பாய்க்குக் கல்யாணம் ஆனால், பிள்ளை பிறந்தால், பெயர் மாறினால், அவர் இருக்கும் யூனிட் அதை ஒரு ஆணையாக வெளியிடும். தரைப்படையில் அதுதான் பார்ட் டூ ஆர்டர். கடற்படையில் ஜென்ஃபார்ம் என்பார்கள், விமானப்படையில் பிஓஆர். அதில் ஏறியதுதான் அந்தக் குடும்பத்தின் பிறப்புச் சான்று மாதிரி. பிபிஓ அதிலிருந்து வருகிறது, ஸ்பர்ஷ் என்ற இணைய ஓய்வூதியத் தளத்தில் இருக்கும் விவரம் பிபிஓவிலிருந்து வருகிறது, மருத்துவ அட்டை டிஸ்சார்ஜ் புக்கைப் பார்த்து வருகிறது. வேரில் தப்பு இருந்தால் கிளையில் எத்தனை தடவை திருத்தினாலும் மறுபடி முளைக்கும்.

எந்த ரெக்கார்ட் ஆபீஸ் என்பதே பல வீடுகளில் தெரியாது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். தகவல் தொடர்புப் படையான சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். பீரங்கிப் படை நாசிக். மின், இயந்திரப் பொறியியல் படையான இஎம்இ செகந்திராபாத். மெட்ராஸ் பொறியாளர் படையான எம்இஜி பெங்களூரு. கடற்படை மாலுமிகளுக்கு மும்பை, விமானப்படை வீரர்களுக்கு டெல்லி. டிஸ்சார்ஜ் புக்கின் முத்திரையைப் பாருங்கள், அதிலேயே இருக்கும்.

பார்ட் டூ ஆர்டர் எண் டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரம் எழுதிய பக்கத்தில் ஓரமாக இருக்கலாம். எங்கள் காலத்தில் கிளார்க்குகள் பென்சிலால் கூட எழுதியிருக்கிறார்கள். லேமினேஷன் செய்திருந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால் படை எண், சேர்ந்த தேதி, கல்யாண வருடம் மூன்றையும் எழுதி நகல் கேளுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போடலாம், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

பிறந்த தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். 80 வயது முடிந்தால் குடும்ப ஓய்வூதியமும் 20 சதவீதம் கூடும். 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயதில் முழுமையாக இன்னொரு மடங்கு. பிபிஓவில் தேதி இல்லையென்றால் அம்மாவுக்கு 80 ஆனது கணினிக்கு எப்படித் தெரியும்? இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது என்று தள்ளிப்போட வேண்டாம். இப்போது அந்தப் பை கையில் இருக்கிறது, விவரம் தெரிந்த நீங்கள் இருக்கிறீர்கள்.

---

சிக்னல்ஸ்_அண்ணன்

சுபேதார் சார் சொன்னதில் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும் என்ற பேச்சு ஸ்பர்ஷ் வந்த பிறகு கொஞ்சம் பழசு. முன்பு ஓய்வூதியத்தை அனுமதிப்பது ஒரு இடம், கணக்குப் போட்டுக் கொடுப்பது வங்கி. ஒரே ரேங்க், ஒரே சர்வீஸ், ஆனால் இரண்டு வங்கியில் இரண்டு தொகை வந்த காலம் அது. இப்போது அனுமதிப்பதும் கணக்கிடுவதும் பிரயாக்ராஜில் இருக்கும், பாதுகாப்புக் கணக்குத் துறையின் பிசிடிஏ பென்ஷன்ஸ் அலுவலகத்தின் கீழ் ஒரே இடத்தில் நடக்கிறது. 'ஒரே ரேங்க், ஒரே ஓய்வூதியம்' என்ற ஓஆர்ஓபி திருத்தம் 2014 ஜூலை 1 முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வருகிறதே, அதுவும் அங்கேயே சேர்கிறது. ஃபோனிலேயே பிபிஓவைப் பார்க்கலாம். இது ஒருங்கிணைப்பு இல்லையா?

வருடாந்திர லைஃப் சர்டிபிகேட்டும் எளிதாகிவிட்டது. ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டினால் போதும். ஒரு எச்சரிக்கை: பணம் வழங்குவது யார் என்று கேட்கும் இடத்தில் பழக்கத்தில் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ஸ்பர்ஷுக்கு மாறியவர்கள் ஸ்பர்ஷ் என்றுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். சான்று கொடுத்தும் ஓய்வூதியம் நின்றுவிட்டது என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

---

படைவீரர்மகள்

அண்ணா, நீங்கள் சொல்வது உண்மை. அப்பா இருந்தவரை எல்லாம் ஃபோனில்தான் பார்த்தார். ஆனால் அந்தக் கணக்கு அப்பாவின் நம்பரில் இருந்தது. அவர் போன பிறகு சிம் ரீசார்ஜ் செய்ய யாருக்கும் தோன்றவில்லை, நம்பர் போய்விட்டது. ஓடிபி இப்போது யாருக்கோ போகிறது. அம்மாவிடம் இருப்பது பட்டன் ஃபோன். திரையில் எல்லாமே ஒரே இடத்தில் இருந்தது, உள்ளே போக எங்களிடம் வழி இல்லை.

இரவு சுபேதார் ஐயா சொன்னபடி டிஸ்சார்ஜ் புக்கை டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தேன். லேமினேஷனுக்கு அடியில், அம்மாவின் பெயருக்கு வலப்பக்கம், சாம்பல் நிறத்தில் ஒரு எண்ணும் '1978' என்ற வருடமும் இருக்கின்றன. மூன்றாவது இலக்கம் மட்டும் 1ஆ 7ஆ என்று தெரியவில்லை. ஒரு வருடமாக அந்தப் பக்கத்தைத்தான் எல்லோருக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தோம். பென்சில் எழுத்து ஜெராக்ஸில் விழவே இல்லை.

---

பழைய_சுபேதார்

இரண்டு எண்ணையும் எழுதி அனுப்புங்கள் மகளே. வருடம் இருக்கிறதல்லவா, தேடிவிடுவார்கள்.

---

பாலிகிளினிக்_நர்ஸ்

ஓய்வூதியத்தில் மூழ்கி மருத்துவத்தை மறந்துவிட வேண்டாம். நான் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஹெச்எஸ்ஸின் பாலிகிளினிக்கில் சில வருடம் வேலை பார்த்தவள்.

இசிஹெச்எஸ் 2003 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. ஓய்வூதியம் வாங்கும் முன்னாள் வீரரும் குடும்பத்தாரும் அதில் சேரலாம். அட்டைதாரர் இறந்தால் மனைவியின் உரிமை போய்விடாது. ஆனால் அட்டையில் அவர் 'சார்ந்தவர்' என்ற நிலையிலிருந்து முதன்மை உறுப்பினராக மாற வேண்டும். இதைச் செய்யாமல் பழைய அட்டையோடு வருடக்கணக்கில் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் அவசரத்தில் அட்டை இயந்திரத்தில் ஏறாதபோதுதான் தெரியவரும்.

ஒரு அம்மா நினைவுக்கு வருகிறார். நெஞ்சு வலியோடு இரவில் அருகில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், அது இசிஹெச்எஸ் பட்டியலில் இல்லாதது. அவசரம் என்றால் அப்படிச் சேர்க்கலாம், தவறில்லை. 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். மகன் எங்களிடம் வந்தது ஆறாவது நாள், டிஸ்சார்ஜ் பில்லோடு. பையன் மேல் கோபப்பட முடியவில்லை. அந்த விதியை அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அட்டைக்குப் பின்னால் ஒரு தாளை ஒட்டி பாலிகிளினிக் நம்பரையும் '48 மணி நேரம்' என்பதையும் எழுதி வையுங்கள். நான் எல்லோருக்கும் செய்து கொடுத்தேன்.

பிள்ளைகள் விஷயம்: மகனுக்கு 25 வயது, சம்பாத்தியம், கல்யாணம், இதில் எது முதலில் வருகிறதோ அதோடு உரிமை முடியும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு அந்த வயது வரம்பு கிடையாது.

---

தம்பிக்காக

நர்ஸ் அக்கா கடைசியில் சொன்ன வரியைப் பார்த்து எழுதுகிறேன். என் தம்பிக்குப் பிறவியிலேயே மூளை வளர்ச்சிக் குறைபாடு, வயது 41. அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். அப்பா கப்பற்படை. எங்களுக்குப் பிறகு இவனுக்கு என்ன என்று அம்மா தினமும் கேட்கிறார்.

---

நல_அலுவலகத்தில்_இருந்தவர்

உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், வழி இருக்கிறது. தனியாகச் சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு, வருமான நிபந்தனைக்கு உட்பட்டு, ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஆனால் தந்தை உயிரோடு இருக்கும்போதே தம்பியின் பெயரையும் குறைபாட்டையும் ரெக்கார்ட் ஆபீஸில் பதிவு செய்ய வைத்துவிடுங்கள். அப்பாவின் ஒரு கையெழுத்தில் முடியும் வேலை. அவருக்குப் பிறகு அதையே நிரூபிக்க நீங்கள் எத்தனை பேரிடம் போக வேண்டியிருக்கும் என்று இந்த இழையைப் படித்தாலே தெரியும். காப்பாளர் நியமனத்தையும் சேர்த்தே செய்யுங்கள்.

இனி இழையைத் தொடங்கிய சகோதரியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நான் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் நல அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன், அதற்கு முன் ராணுவம். எந்த மாவட்டம் என்று சொல்லவில்லை.

மக்கள் எங்கள் அலுவலகத்தை ராணுவத்தின் கிளை என்று நினைக்கிறார்கள். அது மாநில அரசின் அலுவலகம். மேலே டெல்லியில் கேந்திரிய சைனிக் போர்டு, மத்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் முன்னாள் படைவீரர் நலத் துறையின் கீழ் வருகிறது. அந்தத் துறையே 2004இல்தான் தனியாக உருவானது. ஓய்வூதியம் மத்திய அரசின் பாதுகாப்புக் கணக்குத் துறை. மருத்துவம் இசிஹெச்எஸ். ரெக்கார்ட் ஆபீஸ் ராணுவத் தலைமையகம். வேலைவாய்ப்பும் மறுவாழ்வுப் பயிற்சியும் டிஜிஆர். பட்டா, ரேஷன், சாதிச் சான்று மறுபடியும் மாநிலம். இத்தனைக்கும் நடுவில் ஒரு மாவட்ட அலுவலகம், கையில் கடிதத் தாள் மட்டும். ஸ்பர்ஷில் அந்த அம்மாவின் கோரிக்கை எந்த மேசையில் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. 'மேல் நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்று எழுதி அனுப்புவேன். அனுப்பிய தேதியில் என் பதிவேட்டில் அந்தக் கோப்பு முடிந்தது. அந்த அம்மாவுக்கு அன்றுதான் தொடங்கியது.

இது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன், அலுவலகப் பதிவேடு இல்லை, என் சொந்த நோட்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். இடது பக்கம் என்ன கேட்டு வந்தார்கள், வலது பக்கம் பணம் கணக்கில் ஏறிய தேதி. வலது பக்கம் காலியாக இருந்தால் மாதா மாதம் முதல் வாரம் நானே ஃபோன் செய்வேன், ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஒன்று, அந்த வீட்டுக்கு ஒன்று. பெரிய அதிகாரம் எதுவும் தேவைப்படவில்லை. வலது பக்கம் நிரம்பாத பக்கங்கள் குறைந்துகொண்டே வந்தன. நான் ஓய்வு பெற்ற அன்று நோட்டை அடுத்தவரிடம் கொடுத்தேன். அவர் நல்ல மனிதர், ஆனால் அவர் தலையில் மூன்று பேரின் வேலை இருந்தது. அந்த நோட்டு என்ன ஆனது என்று தெரியவில்லை.

அதனால் 'யாருடைய பொறுப்பு' என்றால் என் பதில் இது. கோப்பை அனுப்புவது வரை அல்ல, பணமோ அட்டையோ அந்த வீட்டுக்கு வந்து சேரும் வரை பின்தொடரும் வேலையை மாவட்ட நல அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு ஸ்பர்ஷிலும் இசிஹெச்எஸ்ஸிலும் கோரிக்கையின் நிலையைப் பார்க்க மட்டுமாவது அவர்களுக்கு அனுமதி வேண்டும். திருத்தும் அதிகாரம் வேண்டாம், பார்க்கும் கண் போதும். புதிதாக இன்னொரு வலைத்தளம் திறந்தால் அந்த அம்மா சுமக்கும் பையில் இன்னொரு கடவுச்சொல் சேரும், அவ்வளவுதான்.

---

சிக்னல்ஸ்_அண்ணன்

சார், நோட்டுப் புத்தகத்தைப் படித்த பிறகு என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். கணினி வேண்டாம் என்று நீங்களும் சொல்லவில்லை, ஆள் வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று: ஒரு நல்ல அமைப்பாளரின் மனசை நம்பி இதை விட முடியாது. உங்கள் நோட்டு உங்களோடு போனதே அதற்குச் சாட்சி. அந்த வலது பக்கம் ஆட்சியர் தலைமையில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். 'எத்தனை மனு வந்தது, எத்தனை அனுப்பினோம்' என்பதற்குப் பதிலாக 'எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது' என்று.

சகோதரிக்கு: ஓடிபி பிரச்சினைக்கு ஸ்பர்ஷ் சேவை மையத்துக்கு நேரில் போங்கள். பொதுச் சேவை மையம், சில வங்கிக் கிளைகள், பாதுகாப்பு ஓய்வூதியம் வழங்கும் டிபிடிஓ அலுவலகம், இவற்றில் எதற்கும் போகலாம். அப்பாவின் இறப்புச் சான்று, அம்மாவின் ஆதார், பான், அம்மாவின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு, அம்மாவுக்கென்று ஒரு மொபைல் எண். இழுத்தடித்தால் மத்திய அரசின் குறைதீர் தளமான சிபிகிராம்ஸில் புகார் போடுங்கள். 21 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் வழிகாட்டுதல் வந்திருக்கிறது. ராணுவக் குழுக் காப்பீட்டு நிதியில் அப்பாவுக்கு ஓய்வுக்குப் பிந்தைய நீட்டிப்புக் காப்பீடு இருந்ததா என்றும் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.

தொகை பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு அதிர்ச்சி வேண்டாம். ஓய்வுக்குப் பின் வீரர் இறந்தால் ஏழு வருடம் அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள், இதில் முந்தியது வரைதான் கூடுதல் விகிதம். அப்பாவுக்கு 74 என்பதால் சாதாரண விகிதம், அதாவது சம்பளத்தில் 30 சதவீதம்தான் வரும். குறைவாகத் தெரிந்தால் தப்பு நடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

---

பேரன்

ஓய்வூதியமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். என் தாத்தா குறைந்த காலம் சர்வீஸ் செய்து வெளியே வந்தவர், ஓய்வூதியம் கிடையாது. கேந்திரிய சைனிக் போர்டில் 65 வயது தாண்டிய, ஓய்வூதியம் இல்லாத, ஹவில்தார் வரையிலான முன்னாள் வீரர்களுக்கும் விதவைகளுக்கும் மாதாந்திர உதவி இருக்கிறது. 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக்கியிருக்கிறார்கள். கொடிநாள் நிதியிலிருந்து வருவது. பாட்டிக்கு இது இருப்பதே ஒரு திருமண வீட்டில் தற்செயலாகக் கேள்விப்பட்டுத்தான் தெரிந்தது. தகுதியானவர்களின் பட்டியல் அலுவலகத்தில் இருக்கிறது, வயதும் இருக்கிறது. 65 ஆன அன்று ஒரு தபால் அட்டை வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

---

நல_அலுவலகத்தில்_இருந்தவர்

தம்பி, அந்தத் தபால் அட்டை யோசனை என் மனதில் பதிந்துவிட்டது. 65க்கு ஒன்று, 80க்கு ஒன்று, மகனுக்கு 25 ஆகும்போது ஒன்று. தேதிகள் எல்லாம் பதிவில் இருப்பவைதான்.

---

2022_சேர்ந்தவனின்_அண்ணன்

ஒரு சந்தேகம். என் தம்பி அக்னிவீர் முதல் தொகுதி. நான்கு வருடம் முடியப்போகிறது. நிரந்தரமாக எடுப்பது 25 சதவீதம் வரை என்கிறார்கள். மீதிப் பேர் வெளியே வந்தால் இந்த நல அலுவலகம் அவர்களுக்கும் உண்டா?

---

பழைய_சுபேதார்

இப்போதுள்ள விதிப்படி அவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை தம்பி. ஓய்வூதியம் இல்லை, இசிஹெச்எஸ் இல்லை. சேவா நிதி என்ற மொத்தத் தொகை கிடைக்கும். சில காவல் படைகளில் இடஒதுக்கீடு அறிவித்திருக்கிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம். இளம் வயதிலேயே ஆயிரக்கணக்கான பையன்கள் வெளியே வருவார்கள், எந்த வாசலில் போய் நிற்பது என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு மேசையாவது வேண்டும். தம்பி வெளியே வரும்போது திறன் சான்றிதழை வாங்காமல் கேம்ப்பை விட்டு வர வேண்டாம். அங்கே இருக்கும்போது அரை மணி நேர வேலை.

---

படைவீரர்மகள்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். மூன்றாவது இலக்கம் 7.

இரண்டு எண்ணையும் எழுதி அனுப்பினோம், 1978ஆம் வருட பார்ட் டூ ஆர்டரின் நகல் வந்துவிட்டது. அதில் அம்மாவின் பெயர் 'அம்மாள்' இல்லாமல்தான் இருக்கிறது, ஆதாரில் உள்ளது மாதிரியே. ஆணை சரி, டிஸ்சார்ஜ் புக்கில் எழுதியவர்தான் மரியாதைக்கு ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறார். இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் வாங்கி, பிறந்த தேதிக்கு அம்மாவின் பள்ளிச் சான்றையும் சேர்த்து அனுப்பியாயிற்று. அம்மாவுக்குப் புது சிம் எடுத்து அந்த எண்ணைச் சேவை மையத்தில் பதிவு செய்தோம். இசிஹெச்எஸ் அட்டை மாற்றத்துக்கும் விண்ணப்பித்துவிட்டோம், நர்ஸ் அக்கா சொன்ன தாளை அட்டைப் பின்னால் ஒட்டியிருக்கிறேன்.

பணம் இன்னும் வரவில்லை. அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு அம்மாவோடு போகிறேன். கையில் மனு ஒன்று, கூடவே ஒரு நோட்டு. இடது பக்கம் எங்கள் குடும்பத்தோடு எங்கள் தெருவில் இருக்கும் இன்னும் இரண்டு படைவீரர் வீடுகளின் விவரம் எழுதியிருக்கிறேன். வலது பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நல அலுவலக ஐயா, உங்கள் நோட்டில் வேறு என்ன பத்தி இருந்தது என்று சொன்னால் கூட்டத்துக்கு முன் கோடு போட்டுவிடுவேன்.

---

நல_அலுவலகத்தில்_இருந்தவர்

நடுவில் ஒரு சின்னப் பத்தி, 'யாரிடம் பேசினேன், என்ன தேதி சொன்னார்' என்று. அதில் பென்சில் வேண்டாம் அம்மா, பேனாவால் எழுதுங்கள்.